ஊட்டி பொட்டானிக்கல் கார்டனுக்கு ஏன் மே மாசம் மட்டும் போறோம்?

ஏப்ரல் கடைசி ஆனா ஓபியில ஒரு கேள்வி தவறாம வரும்.

"டாக்டர், அம்மாவை ஊட்டி ஃபிளவர் ஷோவுக்குக் கூட்டிட்டுப் போலாமா? பிபி, சுகர் ரெண்டும் இருக்கு."

முன்னெல்லாம் "ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, மாத்திரையை மறந்துடாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இப்போ என் பதில் வேற. "தாராளமா போங்க. ஆனா மே மாசம் வேணாம். செப்டம்பர்ல போங்க, ஜனவரியில போங்க, முடிஞ்சா ரெண்டு தடவையும் போங்க."

நிறைய பேர் முகம் சுருங்கிடும். "பூவே மே மாசம்தானே டாக்டர்?" என்பார்கள். அதுக்குத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காந்து படிங்க.

முதல்ல நான் பண்ணின தப்பைச் சொல்லிடறேன்.

2023 மே. ஊட்டியில 125வது மலர் கண்காட்சி. அப்பா தவறி ஆறு மாசம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு வயசு 71. பிபி, சுகர், ரெண்டு முழங்காலும் தேய்மானம். ஆறு மாசமா வாசல் தாண்டல. சாப்பாடு கேட்டா "எதுவோ ஒண்ணு" என்பாங்க. டிவி ஓடும், பாக்க மாட்டாங்க. சரி, பூவைப் பார்த்தா மனசு மாறும்னு காரை எடுத்துட்டேன்.

விடிகாலை கோயம்புத்தூர்ல இருந்து கிளம்பியாச்சு. அம்மா வழக்கம்போல காலை மாத்திரை எல்லாம் போட்டுக்கிட்டாங்க. அதுல பிபிக்கான நீர் மாத்திரையும் ஒண்ணு. மேட்டுப்பாளையத்துல அரை டம்ளர் காபி. அதுக்கப்புறம் ஒரு சொட்டு தண்ணி குடிக்கல. நான் கவனிக்கவே இல்ல.

பர்லியார் தாண்டி வண்டி வரிசை. நின்னு நின்னு ஏறி, பார்க் பண்ணி, டிக்கெட் வாங்கி உள்ளே போறப்போ மணி பன்னிரண்டு. தலைக்கு மேல தலை. பூ இருக்கிற இடத்துல நின்னு பார்க்க முடியாது, பின்னாடி இருந்து கூட்டம் தள்ளும். கொஞ்சம் கொஞ்சமா மேட்டுல ஏறினோம். கண்ணாடி மாளிகைப் பக்கம் போனதும் அம்மா என் கையைப் பிடிச்சாங்க. "கண்ணு இருட்டுதுப்பா."

உடனே படுக்க வெச்சு காலைத் தூக்கிப் பிடிச்சேன். நாடி வேகமா, பலமில்லாம ஓடுச்சு. சுகர் குறைஞ்சிருக்குமோன்னு பையில இருந்த மிட்டாயை வாயில போட்டேன். பக்கத்துல நின்ன குடும்பத்துல ஒரு அக்கா ஸ்டீல் பாட்டிலை நீட்டினாங்க. மெதுவா தண்ணி குடிச்சு, அரை மணி நேரத்துல சரியாயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் கேட்டேன், ஏம்மா தண்ணியே குடிக்கலன்னு.

"மேல போனா பாத்ரூம் எங்க இருக்குமோ, எவ்வளவு கூட்டமோ. அதான்."

எம்.டி. படிச்சிட்டு ஊருக்கெல்லாம் அட்வைஸ் பண்றவன் நான். பெத்த அம்மாகிட்ட காலையில அந்த ஒரு கேள்வியைக் கேக்கல.

இது எங்க அம்மா மட்டும் இல்ல. பயணம்னு சொன்னாலே நம்ம வீட்டுப் பெண்கள் முதல்ல நிறுத்துறது தண்ணியைத்தான். சுற்றுலா முடிஞ்சு வர்ற வாரம் ஓபியில நீர்க்கடுப்போட வர்றவங்களைக் கேட்டுப் பாருங்க, கதை இதேதான். மலையில இன்னொரு சிக்கலும் இருக்கு. குளிர்ல தாகம் தெரியாது, ஆனா சிறுநீர் அதிகமா போகும். உடம்புல நீர் குறையறது தெரியாமலே குறையும். அதோட நீர் மாத்திரையும் மேடேறுற நடையும் சேர்ந்தா, நின்ன இடத்துல பிபி இறங்கும். விழுந்தா இடுப்பெலும்பு. எழுபது வயசுல இடுப்பெலும்பு முறிஞ்சா என்ன ஆகும்னு இங்க விவரிக்க வேணாம்.

மாத்திரையை நீங்களே நிறுத்திடாதீங்க. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி உங்க டாக்டர்கிட்ட நேரம் மாத்தலாமான்னு கேளுங்க. அது போதும். ஸ்டீல் பாட்டில் கட்டாயம், ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில தடை.

சரி, பூங்காவுக்கு வருவோம்.

அன்னைக்குத் திரும்புறப்போ அம்மா கார்ல ஒண்ணு சொன்னாங்க. "நல்லா இருந்துச்சு. ஆனா பூவைப் பாக்கல. ஆளுங்களைத்தான் பாத்தேன்." ஆறு மாசத்துல அவங்க சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான்னு நினைக்கிறேன். அதனால செப்டம்பர்ல மறுபடியும் போனோம்.

ஊட்டிக்காரங்க இதை ரெண்டாவது சீசன்னு சொல்வாங்க. அதுக்குன்னே தனியா நாற்று வளர்த்து, செப்டம்பர், அக்டோபர்ல தொட்டிகளை மறுபடி அடுக்குவாங்க. டேலியா, சால்வியா, பெட்டூனியா, சாமந்தி எல்லாம் இருக்கும். மே மாசத்தோட ஒப்பிட்டா அலங்காரம் கம்மி. ஆனா ஒரு டேலியா முன்னாடி அம்மா பத்து நிமிஷம் நின்னாங்க. யாரும் தள்ளல. எனக்கு அது போதும்.

மூணாவது தடவை 2024 ஜனவரி. இதைத்தான் எல்லாரும் பைத்தியக்காரத்தனம்னு சொன்னாங்க. பூவே இருக்காதேன்னு. உண்மைதான், பாத்திகள்ல பெருசா பூ இல்ல. ஆனா அந்தப் பூங்கா எப்படி உயிரோட இருக்குன்னு எனக்குப் புரிஞ்சது அன்னைக்குத்தான்.

டிசம்பர், ஜனவரியில ஊட்டியில உறைபனி விழும். காலையில புல்தரை உப்பு கொட்டின மாதிரி வெள்ளையா இருக்கும். செடியோட இலையில இருக்கிற நீர் உறைஞ்சா, செல்கள் உடைஞ்சு இலை கருகிடும். கடுங்குளிர்ல மனுஷ விரல்ல ஏற்படுற உறைபனிக் காயமும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதனால இளஞ்செடிகளை கோத்தகிரி மிலார்னு ஒரு புதர்ச்செடியோட கிளைகளை வெச்சு மூடி வெக்கிறாங்க. காலையில தண்ணி தெளிச்சு பனியைக் கரைக்கிறாங்க. நாம மே மாசம் போட்டோ எடுக்கிற பூவுக்கு விதைப்பும் நடவும் ஜனவரி, பிப்ரவரியிலேயே ஆரம்பிச்சிடுது. குனிஞ்சு குனிஞ்சு நாற்று வெச்சுட்டிருந்த அம்மாக்களைப் பார்த்து எங்க அம்மா கேட்ட கேள்வி: "இதெல்லாம் எப்போ பூக்கும்?"

இதைச் சும்மா எழுதல. மன அழுத்தத்துல இருக்கிறவங்களுக்கு முதல்ல சுருங்குறது எதிர்காலம். நாளைக்கு, அடுத்த மாசம் என்கிற வார்த்தைகளே பேச்சுல வராது. "எப்போ பூக்கும்"னு ஒருத்தர் கேக்கிறது எனக்கு நல்ல அறிகுறி. பூங்கா குணப்படுத்திடுச்சுன்னு சொல்லவே மாட்டேன். அம்மாவுக்கு மனநல மருத்துவர் ஆலோசனையும் நடந்துச்சு, மாத்திரையும் இருந்துச்சு. அது இல்லாம வெறும் ஊட்டிய வெச்சு சமாளிக்கலாம்னு யாரும் கிளம்பிடாதீங்க.

இந்த இடத்துல யாராவது "டாக்டர், இதுக்கு ஆதாரம் இருக்கா"ன்னு கேப்பீங்க. கேக்கணும்.

1984ல ரோஜர் உல்ரிச் என்பவர் சயன்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்க. ஜன்னல் வழியா மரம் தெரிஞ்ச 23 பேரையும், செங்கல் சுவர் மட்டும் தெரிஞ்ச 23 பேரையும் ஒப்பிட்டார். மரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க, வலுவான வலி மருந்து குறைவா தேவைப்பட்டது. அழகான ஆய்வு, ஆனா மொத்தமே 46 பேர். 2019ல இங்கிலாந்துல சுமார் 20,000 பேர்கிட்ட கேட்டுப் பார்த்ததுல, வாரத்துக்கு ரெண்டு மணி நேரமாவது இயற்கையான இடத்துல இருந்தவங்க உடம்பும் மனசும் நல்லா இருக்குன்னு சொல்ற வாய்ப்பு அதிகமா இருந்தது. ஆரோக்கியமா இருக்கிறவங்கதானே வெளிய போவாங்க, அதனாலகூட அப்படி வரலாம். ஆக, மருந்துச் சீட்டுல எழுதுற அளவுக்கு ஆதாரம் கிடையாது. ஆனா ரெண்டாவது ஆய்வு பேசுறது வாரா வாரம் போறதைப் பத்தி. வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டத்துல இடிபடுறதைப் பத்தி இல்ல.

நாலாவது தடவை ஜூலை மழையில போனோம். என் மனைவிக்கு இதுதான் பிடிச்சது. பூ குறைவு, பச்சை அதிகம். மரத்தண்டெல்லாம் பாசி. பெரணிகள் இருக்கிற பக்கம் போனா நேரம் போறதே தெரியாது. மரத்தோட தண்டே கல்லா மாறின புதைபடிவம் ஒண்ணு அங்க இருக்கு, சுமார் 2 கோடி வருஷப் பழசு. மே மாசம் அதுக்கு முன்னாடி செல்ஃபிதான் எடுத்தோம். ஜூலையில குடையைப் பிடிச்சுக்கிட்டு பலகையை முழுசா படிச்சோம். (மழைக்கால எச்சரிக்கை இருக்கிற நாட்கள்ல மலையேறாதீங்க. மண்சரிவு உங்க லீவு லெட்டரைப் பார்க்காது.)

பாசியைப் பார்த்ததும் எனக்கு மெக்ஐவர் ஞாபகம் வந்தார். டாக்டர்கள் இவரைத் தெரிஞ்சு வெச்சுக்கணும். லண்டன் கியூ தோட்டத்துல பயிற்சி எடுத்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848ல இங்க வந்து இந்தத் தோட்டத்தை உருவாக்கினவர். சதுப்பும் சரிவுமா கிடந்த தொட்டபெட்டா அடிவாரம் அது. 1860களில் நீலகிரியில சின்கோனா பயிரிட்டு வளர்த்ததும் இதே ஆள்தான். சின்கோனா பட்டையில இருந்துதான் கொய்னா, அதாவது மலேரியாவுக்கு அன்னைக்கு இருந்த ஒரே உருப்படியான மருந்து. மரத்தை வெட்டாம பட்டையை நீளவாக்குல உரிச்சு, உரிச்ச இடத்தை ஈரப்பாசியால மூடினா புதுப் பட்டை வளரும்னு கண்டுபிடிச்சார். எனக்கு அது புண்ணுக்குக் கட்டுப் போடுற மாதிரிதான் தெரியுது.

இன்னொரு துணுக்கு. மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவுக்குள்ள கண்டுபிடிச்ச ரொனால்ட் ராஸ், அதே 1897ல கொஞ்ச மாசம் முன்னாடி ஊட்டிக்கு வந்து, கீழே சீகூர் பக்கம் ஆராய்ச்சிக்குப் போய், தானே மலேரியா வாங்கிக்கிட்டார். கொசு வலைக்குள்ள படுத்திருந்தும்!

ஓபியில திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கும் பதில் சொல்லிடறேன்.

"பூ மகரந்தம் அலர்ஜி ஆகாதா?" பளிச்னு தெரியுற பூக்கள் பெரும்பாலும் பூச்சியை நம்பி இருக்கிறவை. அதோட மகரந்தம் கனம், ஒட்டும், காத்துல அவ்வளவா பறக்காது. தொல்லை தர்றது பெரும்பாலும் காத்துல மகரந்தம் பரப்புற புல்லும் மரமும்தான். ஆஸ்துமாக்காரங்களுக்கு ஊட்டியில நான் பயப்படுறது பூவுக்கு இல்ல, விடிகாலை குளிர் காத்துக்கு. இன்ஹேலர் சட்டைப் பையில இருக்கணும், ரூம்ல இல்ல. ஜனவரியில பத்து மணிக்கு மேல வெயில் வந்ததும் போங்க.

"உயரம் ஒத்துக்குமா?" ஊட்டி சுமார் 2,240 மீட்டர். சமவெளியோட ஒப்பிட்டா மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் நாலுல மூணு பங்குதான். ஆரோக்கியமானவங்களுக்கு மேட்டுல லேசா மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இதய பலவீனம், நாள்பட்ட நுரையீரல் நோய், சமீபத்துல மாரடைப்பு வந்தவங்க கேட்டுட்டுப் போங்க. போன அன்னைக்கே முழுத் தோட்டத்தையும் ஏறணும்னு யாரும் சட்டம் போடல. கிட்டத்தட்ட 55 ஏக்கர், அதுவும் சரிவு. முட்டி வலிக்காரங்க கீழ்த் தோட்டத்தோட திருப்திப்பட்டுக்கலாம். ஏறுறதைவிட இறங்குறப்போதான் முட்டிக்கு வேலை அதிகம், கைத்தடி எடுத்துக்க வெக்கப்படாதீங்க.

வாந்தி மாத்திரையைப் பெரியவங்களுக்குக் கேக்காம கொடுக்காதீங்க, தூக்கமும் தள்ளாட்டமும் வரும். முன் சீட்டுல உக்காந்து, மொபைலைப் பாக்காம, தூரத்துல ரோட்டைப் பாத்துட்டு வந்தாலே பாதி சரியாயிடும்.

இப்போ என் கருத்து. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துச்சு, உயர் நீதிமன்ற உத்தரவு. அடுத்த வருஷம் சீசன்ல வார நாளுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வண்டின்னு உச்சவரம்பும் போட்டாங்க. திட்டினவங்க நிறைய. கடை வெச்சிருக்கிறவங்க, டாக்சி ஓட்டுறவங்க கஷ்டம் நிஜம், அதை நான் லேசா எடுத்துக்கல. ஆனா மலை மேல ஆஸ்பத்திரிகள் மே மாசத்துக்குன்னு பெருசாகிறது இல்ல. ரோட்டுல வண்டி நகராம நின்னா ஆம்புலன்ஸும் அதே ரோட்டுலதான் நிக்கணும். அன்னைக்கு அம்மாவுக்கு வந்தது வெறும் பிபி இறக்கம். மாரடைப்பா இருந்திருந்தா எவ்வளவு நேரத்துல எங்க போயிருப்பேன்னு இன்னைக்கும் யோசிக்கிறேன். நாமே வருஷம் முழுக்கப் பரவலா போனா கடைக்காரருக்கு எட்டு மாசம் ஈ ஓட்ட வேண்டியதில்ல, உச்சவரம்புக்கும் தேவை குறையும். பள்ளி லீவு மேலதானே என்பீங்க. குழந்தைகளுக்குக் காலாண்டு லீவும் இருக்கு, அது சரியா ரெண்டாவது சீசன்லதான் வருது. வீட்டுப் பெரியவங்களுக்கோ லீவே தேவையில்ல.

பெரிய பூங்கா எந்த ஊர்ல கட்டினாலும் ஒண்ணு கேக்கணும்: ஐம்பது அடிக்கு ஒரு பெஞ்ச், நுழைவுலயே கழிப்பறை எங்க இருக்குன்னு பெருசா ஒரு பலகை. அந்தப் பலகையைப் பார்த்திருந்தா எங்க அம்மா தண்ணி குடிச்சிருப்பாங்க.

அம்மாவுக்கு இப்போ 73. வீட்டு மாடியில எட்டு தொட்டி இருக்கு. கோயம்புத்தூர் வெயில்ல டேலியா ரெண்டு தடவை செத்துப் போச்சு, மூணாவது தடவை வெச்சிருக்காங்க. நேத்து ராத்திரி போன்ல, செப்டம்பருக்கு இ-பாஸ் போட்டாச்சான்னு கேட்டாங்க.

இன்னும் போடல. இந்த த்ரெட்டை முடிச்சிட்டுப் போடணும்.