காமனும் ரதியும் ஓடும் தூரம்

அட்டனில் பஸ் ஏறி, டிக்கோயா, நோர்வூட் கடந்து மஸ்கெலியாவில் இறங்கினால் ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். அதோடு இன்னுமொரு கிலோமீற்றர் சேர்த்தால் அரை மரதன். கணக்காகச் சொன்னால் 21.0975 கிலோமீற்றர். இந்தத் தூரத்தை வேசம் கட்டிக்கொண்டு, கூட ஒரு சோடியையும் சேர்த்துக்கொண்டு ஓடுகிறவர்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களைப் பற்றி எழுதுகிறேன். அப்படியே நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றியும் எழுதவேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் புளோரிடாவில் 1971இல் திறந்த டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் 1994இல் முதல் மரதன் நடந்தது. 1998இல் அரை மரதனும், 2009இல் இளவரசிகளின் பெயரில் பெண்களை மனத்தில் வைத்து இன்னொரு அரை மரதனும் வந்தன. 2016 செப்டெம்பரில் பாரிஸுக்கு வெளியே இருக்கும் டிஸ்னிலாண்டும் ஓர் அரை மரதனைத் தொடங்கியது. புளோரிடாவில் விடியுமுன்னே, இருட்டோடு இருட்டாகக் கிளம்புகிறார்கள். சின்டரெல்லாவின் கோட்டைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வருகிறார்கள். வழியில் மிக்கியும் மற்றக் கதைமாந்தர்களும் நிற்பார்கள். ஓடுகிறவர்கள் ஓட்டத்தை நிறுத்தி, வரிசையில் நின்று, படம் எடுத்துக்கொண்டு மறுபடி ஓடுவார்கள். ஒரு மைலுக்குப் பதினாறு நிமிடம் என்பதுதான் எல்லை, அதாவது கிலோமீற்றருக்குப் பத்து நிமிடம். மொத்தத்தில் மூன்றரை மணித்தியாலம் கிடைக்கிறது. கூட்டத்தின் கடைசியில் பலூன் கட்டிய பெண்கள் அந்த வேகத்திலேயே வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் போய்விட்டவர்களை பஸ் ஏற்றிக்கொள்ளும்.

வேசத்துக்கும் விதி உண்டு. பெரியவர்கள் முழு முகமூடி போடக்கூடாது, உடை தரையில் புரளக்கூடாது. இரண்டும் நியாயமான விதிகள். நம் கூத்து வாத்தியாரும் இதைத்தான் சொல்லுவார்.

பாரிஸில் இருக்கும் என் சிநேகிதன் ஒருவன், தன் மனைவியோடு டிஸ்னி அரை மரதன் ஒன்றை ஓடத் தீர்மானித்துவிட்டு எனக்குப் போன் போட்டான். "மச்சான், ரெண்டு பேரும் ஒண்ணா ஓடி ஒண்ணா முடிக்கணும்னா என்னடா செய்யணும்? ஒனக்குத்தான் தெரியும்" என்றான். நான் எந்த மரதனும் ஓடியவன் இல்லை. ஆனாலும் அவன் கேட்டது சரியான ஆளிடம்தான். இளவயதில் எங்கள் தோட்டத்தின் காமன் கூத்தில் அவன் காமன், நான் ரதி.

காமன் கூத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். மாசி மாதம் மூன்றாம் பிறை தெரிகிற நாளில் பொட்டலில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரை தோட்டத்துக்கு வேறொரு மூச்சு. பகலில் மலையில் கொழுந்து, கவ்வாத்து, ஸ்டோர் வேலை என்று எல்லாம் வழமைபோல் நடக்கும். இரவானால் பொட்டலில் தப்பு மேளத்தின் சத்தம் கிளம்பிவிடும். கடைசி இரவில் காமனும் ரதியும் அரிதாரம் பூசி, சலங்கை கட்டி, கிரீடம் வைத்து லயம் லயமாகப் போய் ஆடுவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கக் காமன் புறப்படுவான். போகாதே என்று ரதி தடுப்பாள். தூதன் வருவான், தக்கன் வருவான், வீரபத்திரன் வருவான், யமன் வருவான். விடியும் நேரத்தில் நெற்றிக்கண் திறந்து காமன் எரிவான். ரதி புலம்புவாள், அந்தப் புலம்பலுக்குக் கிழவிகள் வாய்விட்டு அழுவார்கள். பிறகு ஒரு நாள் காமனை உயிர் எழுப்புவார்கள். மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் இந்தக் கலைகளைத் தேடி எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எழுதாமல் விட்டிருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

அந்தக் கடைசி இரவின் தூரத்தை யாரும் அளந்ததில்லை. மேல்லயத்திலிருந்து பணியலயம், பணியலயத்திலிருந்து அடுத்த டிவிசன் என்று போகும். எல்லாம் ஏற்றமும் இறக்கமும், பாதி வழி கல்படி. மாசிக் குளிரில் மூச்சுப் புகையாக வரும், வேசத்துக்குள்ளே உடம்பு வேகும். விரதம் இருந்த வயிறு வேறு. அதில் எனக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: "காமன் காலைப் பாக்காத. அவன் மூச்சக் கேளு."

சிநேகிதனுக்கு நான் சொன்னதும் அதுதான். ஓட்டப் பயிற்சியாளர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். நீண்ட தூரம் ஓடுகிறவர் ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடியவேண்டும். பேச்சு துண்டு துண்டாக உடைந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். காமனும் ரதியும் ஆடிக்கொண்டே பாடவேண்டியவர்கள், அதுவும் கேள்வியும் பதிலுமாக. காமன் பாடி முடிக்கும்போது ரதிக்கு மூச்சு இருக்கவேண்டும். ரதியின் அடி முடியும்வரை காமன் அடுத்த அடவுக்குத் தாவக்கூடாது. இருவரில் யாருக்கு மூச்சு குறைவோ அவருடைய மூச்சுதான் இருவருக்கும் தாளம். சோடியாக ஓடுவதன் கலை முழுவதும் இதில் அடக்கம் என்று நான் நம்புகிறேன். "ஒன் பொஞ்சாதியோட பேசிக்கிட்டே ஓடு. அவங்க பதில் சொல்றது நிண்டா, நீ மெதுவாகு" என்றேன். இன்னொன்றும் சொன்னேன். கடைசிக் கிலோமீற்றரில் ஆண்களுக்கு ஒரு வெறி வரும், முடிவுக்கோட்டைப் பார்த்ததும் பாய்ந்துவிடுவார்கள். அங்கேதான் சோடி உடையும்.

சோடியை உடைக்காமல் முடித்தவர்கள் வரலாற்றில் இருக்கிறார்கள். லண்டன் மரதன் முதன்முதலாக நடந்தது 1981 மார்ச் 29ஆம் திகதி. அமெரிக்கரான டிக் பியர்ட்ஸ்லியும் நோர்வேக்காரரான இங்கெ சிமொன்சனும் முன்னணியில் ஒன்றாக ஓடிவந்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. முடிவுக்கோட்டில் இருவரும் கையைக் கோர்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் கடந்தார்கள். இரண்டு மணி, பதினொரு நிமிடம், நாற்பத்தெட்டு விநாடி. ஒரு பெரிய நகரத்தின் மரதன் வரலாறு இரண்டு வெற்றியாளர்களோடு தொடங்கியது.

பார்வையற்ற ஓட்டவீரர்கள் வழிகாட்டியோடு ஓடுவது இதைவிட நுட்பமானது. இருவர் கையையும் ஒரு சிறு கயிறு இணைக்கிறது. வழிகாட்டி இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, முடிவுக்கோட்டை வீரருக்கு முன்னால் கடக்கவும் கூடாது. முன்னே கடந்துவிட்டால் வீரரின் ஓட்டமே செல்லாது. மற்றவரைவிட வலுவான கால் இருந்தும் அதைக் கட்டிவைத்துக்கொண்டு ஓடுவதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்! மேடையில் வழிகாட்டிக்கும் பதக்கம் தரும் வழக்கம் பிறகு வந்தது, அது மிகச் சரியான முடிவு.

வேசம் பற்றிக் கேட்டபோது சிநேகிதன் கொஞ்சம் தயங்கினான். இளவரசன், இளவரசி உடை வாங்க அவனுக்கு மனமில்லை. "காமன் ரதியா ஓடலாமானு அவ கேக்குறா. தப்பாகாதா மச்சான்?" என்றான். தெய்வத்துக்குக் கட்டுகிற வேசத்தை ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குள் கொண்டுபோகலாமா என்ற கேள்வி எனக்கும் கனமாகத்தான் இருந்தது. வாத்தியாரிடம் போய்க் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கம்பம் ஊண்டுனா அது நேர்த்தி. ஊண்டலனா அது வேசம். வேசத்த மதிச்சுக் கட்டுனாப் போதும். கறி தின்னுட்டுக் கட்ட வேணாம்னு சொல்லு" என்றார். எனக்கு அந்தப் பதில் போதுமானது.

நடைமுறையில் பார்த்தால் அந்த உடை அப்படியே ஓட்டத்துக்கு ஆகாது. வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். ஜரிகையும் அட்டையும் தடித்த துணியுமாகப் போர்த்திக்கொண்டால் அது நடக்காது. ஆகவே கிரீடம் மெல்லிய அட்டையில், மார்புப் பதக்கம் துணியில் தைத்தது, சலங்கை கணுக்காலுக்குப் பதில் இடுப்பில், அதுவும் நாலைந்து மணிகளோடு. தோல் உரசுகிற இடமெல்லாம் வாசலின். கரும்பு வில்லை வீட்டிலேயே வைத்துவிடவேண்டும், கூட்டத்தில் யாருடைய கண்ணிலாவது படும். ரதியின் சேலையை முழங்காலுக்குக் கீழே கொசுவமாக இறுக்கிக் கட்டவேண்டும். அதை எப்படிக் கட்டுவது என்று வீடியோவில் காட்டினேன். ரதியை எப்போதும் ஆண்களே கட்டுகிற கூத்து எங்களுடையது. எனக்குத் தெரிந்து ரதி வேசம் கட்டப்போகிற முதல் பெண் அவர்தான். அதைச் சொன்னபோது அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பு எனக்கு நிறைந்த மகிழ்ச்சி தந்தது.

வேசம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு லொயிட் ஸ்கொட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் தீயணைப்பு வீரராக இருந்தவர், இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். 2002இல் பழங்கால ஆழ்கடல் முக்குளிப்பு உடையை, ஐம்பது கிலோவுக்குக் குறையாத பாரத்தை, உடம்பில் ஏற்றிக்கொண்டு லண்டன் மரதனை நடந்தே முடித்தார். ஐந்து நாட்களும் எட்டு மணித்தியாலமும் ஆயிற்று. நோயுற்ற பிள்ளைகளுக்குப் பணம் திரட்ட அப்படிச் செய்தார். சாதாரண உடையில் ஓடியிருந்தால் அவரை யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். வேசம் பார்க்கிறவனை நிறுத்துகிறது. கட்டியவனையும் அது நடுவில் விட்டுவிட்டுப் போகவிடாது. கிரீடத்தோடு பாதி வழியில் உட்கார்ந்துவிட்ட காமனை எந்த லயமும் பார்த்ததில்லை.

நான் உண்மையில் பேசவந்த இடம் இனித்தான். நம் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் காலையில் மரதன் வைப்பார்கள். பின்னேரம் வினோத உடைப் போட்டி, வழுக்குமரம், தலையணைச் சண்டை. ஓடுகிறவன் வேசம் கட்டமாட்டான், வேசம் கட்டியவன் ஓடமாட்டான். பெண்களுக்கு இருக்கிற ஓட்டமோ தேசிக்காய் கரண்டியோடு மைதானத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு காலையிலிருந்து பின்னேரம் வரை செங்குத்து மலையில் ஏறி இறங்குகிற பெண்களின் கால்களைவிட வலுவான கால்கள் இந்த நாட்டில் எங்கே இருக்கின்றன? அந்தக் கால்கள் கொழுந்தின் நிறைக்காக நடக்கின்றன, ஒரு நாள் சம்பளமான பேருக்காக நடக்கின்றன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடக்கின்றன. 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளை வரை, இருநூறு வருடத்துக்கு முன் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் தடத்தில் நம் ஆட்கள் நடந்தார்கள். அது உரிமைக்கான நடை, நான் தலைவணங்குகிற நடை. சந்தோசத்துக்காக மட்டும் ஒரு தூரத்தை இந்த மக்களுக்கு யாரும் இதுவரை திறந்துவிடவில்லை என்பது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஓடும் திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. அட்டன் பக்கத்துக் குமார் சண்முகேஸ்வரன் இராணுவ அணிக்காக ஓடி 10,000 மீற்றரில் தேசிய பட்டம் வென்றவர். தலவாக்கலையின் வேலு கிருஷாந்தினி மரதனில் பெயர் வாங்கியவர். இருவரும் நம் மேடுகளில் ஓடி வளர்ந்தவர்கள். அவர்களைப்போல் வேகமாக ஓடுகிறவர்களுக்குப் போட்டிகள் இருக்கின்றன. நான் கேட்பது மற்ற எல்லோருக்கும் ஒன்று.

டிக்கோயாவிலிருந்து கிளம்பி, காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரமாகப் போகும் அரை மரதன். சோடியாகத்தான் பதியலாம். கணவன் மனைவி, அக்கா தங்கை, மாமியார் மருமகள், சிநேகிதர்கள், யாராக இருந்தாலும் சரி. இரண்டாவது ஆள் கோட்டைத் தாண்டும்போதுதான் நேரம் நிற்கும். வேசம் கட்டாயம்: காமன், ரதி, பொன்னர், சங்கர், தபசுக்குப் போகிற அருச்சுனன், எது வேண்டுமானாலும். வழியில் லயங்களின் முன்னால் தேத்தண்ணியும் ஒரு கடி கித்துள் கருப்பட்டியும். கிலோமீற்றருக்குப் பத்து நிமிடம் என்ற டிஸ்னியின் எல்லை நம் ஏற்றத்துக்குப் போதாது. பதினைந்து வைக்கவேண்டும், யாரையும் பஸ்ஸில் ஏற்றக்கூடாது.

நாள் குறிப்பதில் கவனம் வேண்டும். மாசியில் மழை குறைவு, ஓட நல்ல காலம். ஆனால் மார்கழிப் போயா முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம், இந்த வீதியில் யாத்திரை பஸ்கள் இரவும் பகலும் போகும். பௌர்ணமியன்று வைத்தால் யாத்திரிகருக்கும் இடைஞ்சல், பொட்டலில் காமன் எரிகிற இரவுக்கும் இடைஞ்சல். மூன்றாம் பிறைக்கும் பௌர்ணமிக்கும் நடுவில் வருகிற ஞாயிறுதான் தோதானது. அன்று மலையில் வேலையும் இல்லை. வீதிக்குப் பொலிஸ் அனுமதி, தோட்டப் பாதைகளுக்குக் கம்பனிகளின் சம்மதம், கிளங்கன் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அம்பியூலன்ஸ் ஆகியவற்றை நகரசபை முன்நின்று கேட்டால் கிடைக்கக்கூடியவை.

இதையெல்லாம் வாத்தியாரிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், அதை நான் என் நிபந்தனையாகவே இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு திருப்பத்திலும் தப்பு இருக்கவேண்டும். தப்பு அடிக்கிறவர்களைக் கடைசியில் கூப்பிட்டு, சாப்பாட்டுப் பொட்டலமும் கைச்செலவுக்குக் கொஞ்சமும் கொடுத்து அனுப்புகிற வழக்கம் இதில் கூடாது. பதிவுப் பணத்தில் முதல் பங்கு அவர்களுக்கு. அதுவும் ஓட்டம் தொடங்குமுன், முதல்நாளே, கையில்.