சிறகுமுனையில் இருக்கிறது பெயர்

ஐங்குறுநூற்றில் அம்மூவனாரின் நெய்தற் பாடல்களை வகுப்பில் நடத்துகையில், சிறுவெண்காக்கைப் பத்தை எட்டியதும் மாணவர் எவரேனும் கேட்பதுண்டு: "காக்கை எப்படி ஐயா வெண்மையாகும்?" கடற்காகம் என்று சொல்லிக் கடந்துவிடுவேன். 'ஒருவகைப் பறவை' என்று உரையெழுதிக் கடப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை என்பதைக் கோடியக்கரையில் ஒரு தை மாதக் காலையில்தான் உணர்ந்தேன்.

குளிர்காலத்தில் நம் கரைக்கு வலசை வரும் கடற்காகங்களுள் இரண்டு காண்போரை மிகவும் மயக்குபவை. நூல்கள் ஒன்றைப் பழுப்புத்தலைக் கடற்காகம் என்றும், மற்றதைக் கருந்தலைக் கடற்காகம் என்றும் குறிக்கின்றன. அன்று நான் கண்ட தலைகளோ யாவும் வெண்மை. கண்ணுக்குப் பின்னே ஒரு கரும்பொட்டு மட்டும். பழுப்பும் கருமையும் இனப்பெருக்கக் காலத்து ஒப்பனை. குளிர்காலத்தில் அவை களைந்து போகின்றன.

பின் எதைக்கொண்டு பிரித்தறிவது? சிறகின் முனையைக் கொண்டுதான். பழுப்புத்தலைக்குச் சிறகுமுனை அகன்ற கருமை, அதனுள் வெண்பொட்டுகள். பறவையியலார் அவற்றைக் கண்ணாடி என்னும் பொருளில் 'மிரர்' என்பர். கருந்தலைக்கு அப்பொட்டுகள் இல்லை. சிறகின் முன்விளிம்பு வெண்ணிற ஆப்புப்போல் துலங்க, இறகு நுனிகளில் மட்டும் கருங்கரை ஓடும். பழுப்புத்தலையின் இளம்பறவைக்குக் கண்ணாடி இராது. எனினும் முனைக்கருமை அகன்றே இருக்கும்.

இத்தனை நுட்பம் எதற்கு என்பாரும் உளர். பழுப்புத்தலை லடாக், திபெத் முதலிய உயர்நிலத்து ஏரிகளில் கூடுகட்டுவது. கருந்தலை ஐரோப்பா தொடங்கி வட ஆசியா வரை பரந்து வாழ்வது. பெயர் பிழைத்தால் பறவையின் ஊரும் பிழைத்துப்போகும். இன்று ஒருவர் குறிப்பேட்டில் செய்த பிழை, நாளை பிறர்க்குச் சான்றாகிவிடும்.

வேற்று நிலத்தில், வேற்றுப் பருவத்தில் இட்ட பெயர்களை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு, நம் கரையில் இல்லாத தலைநிறத்தைத் தேடுகிறோம் என்பதே என் ஆதங்கம். சிறுவெண்காக்கை என்றவர்கள் தம் கரையில் தம் கண் கண்ட நிறத்தைச் சொன்னார்கள். அது இவ்விரண்டில் ஒன்றுதான் என்று துணிய மாட்டேன். சிறகுமுனையைக் காணாமல் இனம் கூறுவது முறையன்று. ஆனால் கண்டதைக்கொண்டு பெயரிடும் அவர்களது வழி நமக்கும் வேண்டும். கண்ணாடிச் சிறகுக் கடற்காகம், வெள்விளிம்புக் கடற்காகம் என நாமும் அழைத்தால் என்ன?

அடுத்த முறை மாணவர் கேட்கும்போது, கடந்துவிடாமல், கரைக்கே அழைத்துச் செல்வதாக இருக்கிறேன்.