எந்த வழுக்கைக்கு இந்த சீரம்?

"அழற்சியைத் தணிக்கும், முதுமையைத் தள்ளிப்போடும்" என்று சீரம் குப்பிகள் சத்தியம் செய்கின்றன. எந்த முடி உதிர்வுக்கு என்பதை மட்டும் சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்கத் தோல் மருத்துவருக்குக் கொடுக்கும் காசு, குப்பிக்குக் கொடுப்பதைவிட உருப்படியான செலவு.

புழுவெட்டில் அழற்சி நிஜம். உடலின் எதிர்ப்பு அணுக்களே மயிர்க்கால்களைத் தாக்க, காசளவு வட்டமாக முடி கொட்டிவிடும். சின்ன வெங்காயம் தேய்த்துப் பார்ப்பார்களே, அதே நோய். முடக்குவாத மருந்தான பாரிசிட்டினிபைத் தீவிரப் புழுவெட்டுக்கும் கொடுக்க அமெரிக்கா 2022-இல் அனுமதித்தது. இந்த மருந்தால் தொற்று அபாயம் உண்டு. கடையில் கேட்டு வாங்கிப் போடும் சமாச்சாரம் அல்ல.

ஆண்களின் பரம்பரை வழுக்கை வேறு கதை. அதில் டிஹெச்டி ஹார்மோன்தான் முதல் குற்றவாளி, அழற்சி வெறும் உடந்தை. ரத்த அழுத்த மாத்திரையாகப் பிறந்த மினாக்சிடில் 1988-இலும், ஃபினாஸ்டரைடு 1997-இலும் அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதி பெற்றன. இரண்டையுமே நிறுத்தினால் சில மாதங்களில் பலன் போய்விடும்.