தோசைக்கல்லும் அணு உலையும்

காய்ந்த தோசைக்கல்லில் அம்மா தண்ணீர் தெளிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கல் ஓரளவு காய்ந்திருந்தால் தண்ணீர் 'சொய்ங்' என்று உடனே வற்றிவிடும். அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தாலோ, முத்து முத்தாக உருண்டோடும், சீக்கிரம் வற்றாது! சூடு கூடினால் வேகமாகத்தானே வற்ற வேண்டும்?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. துளியின் அடிப்பகுதி நொடியில் ஆவியாகி, மெத்தை போல மீதித் துளியைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆவி வழியாகச் சூடு மெதுவாகத்தான் ஏறும். சுமார் 200 டிகிரி செல்சியசுக்கு மேல் இப்படி நடக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் 1756-ல் இதைப் பற்றி எழுதியதால், 'லைடன்ஃப்ராஸ்ட் விளைவு' என்றே பெயர் வந்துவிட்டது.

அடுப்படியில் இது வேடிக்கை. பழுக்கக் காய்ந்த உலோகத்தை அவசரமாகக் குளிர்விக்கும்போது இதே மெத்தைதான் எதிரி. தண்ணீர் ஊற்றினாலும் உலோகத்தைத் தொடாது!

ஆபத்து நேரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைச் சுனாமி தாக்கியது. மின்சாரம் போய், குளிர்விக்கும் ஏற்பாடுகள் நின்றன. கடைசியில் கடல்நீரையே உலைகளுக்குள் செலுத்தினார்கள். சுத்தமான தண்ணீருக்காகக் காத்திருக்க முடியுமா? ஆனால் கடல்நீர் ஆவியானால் உப்பு தங்கிவிடும்.

சரி, தண்ணீரில் நுண்துகள்கள் கலந்திருந்தால்? அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2005-ல் அத்தகைய துளிகளைச் சூடான பரப்பின்மேல் மிதக்க விட்டார்கள். தண்ணீர் குறையக் குறைய, துகள்கள் வெளிப்புறத்தில் நெருங்கி, பாலில் ஏடு படிவதுபோல ஓடாகிவிட்டன. கடைசியில் அந்த ஓடு, காற்றுப் போன பந்துபோல உள்ளே ஒடுங்கியது. சுத்தமான துளியோ சிறுத்துச் சிறுத்து மறைந்துவிடும். கலந்த பொருள் துளியின் போக்கையே மாற்றிவிடுகிறது!

2022-ல் ஹாங்காங் நகரப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உலோகப் பரப்பில் சின்னச் சின்னத் தூண்கள். நடுவே தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய படலம். அடியில் ஆவி வெளியேறப் பாதை. 1,000 டிகிரிக்கு மேலும் அங்கே ஆவி மெத்தை உருவாகவில்லை!

அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் உப்போ தூசியோ கலந்த தண்ணீர் பட்டால் அந்தக் குட்டிப் பாதைகள் அடைபடாதா? ஆய்வுக்கூடத்தில் வென்றது ஆபத்து நேரத்திலும் வெல்ல வேண்டுமானால், இந்தக் கேள்விக்கும் விடை வேண்டும்.

அடுத்த முறை அம்மா தோசை சுடும்போது, சற்றுத் தள்ளி நின்று துளிகளின் ஓட்டத்தைப் பாருங்கள். கல்லைத் தொட்டுவிடாதீர்கள்!