இழுப்பது பாக்ஸ் அன்று

விருதுநகர்க் கடைவீதியிலும், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்து ஊர்களிலும், தொலைக்காட்சியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "அந்தப் பாக்ஸ் நல்லா சிக்னல் இழுக்கும், இது இழுக்காது" என்று ஒருவர் சொல்வதையும், கூடியிருப்போர் தலையசைத்து ஆமோதிப்பதையும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். செட்டாப் பாக்ஸினுள் இருக்கும் ட்யூனருக்கு ஏதோ ஆகர்ஷண சக்தி உண்டென்றும், விலை ஏற ஏற அச்சக்தியும் ஏறுமென்றும் எண்ணி, பட்டாசுக்கூடத்தில் கூலி வேலை செய்து சேர்த்த பணத்தைப் புதுப் பாக்ஸுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மழையிலும் அதே வெற்றுத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை அறிந்தவன் என்பதால், இதை ஓர் அற்ப விஷயமாகக் கருத எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊரில் டி.டி. ஃப்ரீ டிஷ் பார்க்கும் வீடுகளின் டிஷ்கள் தென்கிழக்கே ஏறத்தாழ அறுபத்தொன்பது பாகை அண்ணாந்து, 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கியிருக்கின்றன. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் கடந்து களைத்து வரும் அந்த அலையை டிஷ் குவித்துக் கொடுக்க, முனையிலுள்ள எல்.என்.பி. அதை லட்சம் மடங்குக்குக் குறையாமல் பெருக்கி, அலைவரிசையைத் தாழ்த்திக் கேபிளில் அனுப்புகிறது. தொடராக அமைந்த பெருக்கிகளில் முதலாவது சேர்க்கும் இரைச்சலே பிரதானம், பின்னால் வருபவை சேர்ப்பது முதலாவதின் பெருக்கத்தால் வகுபட்டுச் சொற்பமாகிவிடும் என்பதை ஹெரால்ட் ஃப்ரிஸ் என்ற விஞ்ஞானி 1944-லேயே கணிதபூர்வமாக நிறுவிவிட்டார். ஆகவே சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் மொட்டை மாடியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. கலங்கிய கிணற்றில் மொண்ட நீர், குடம் வெள்ளியானாலும் தெளியாது.

திரையில் தோன்றும் சிக்னல் சதவீதமே இந்தப் பிரமைக்கு மூலகாரணம். அண்டை வீட்டில் தொண்ணூற்று மூன்று, நம் வீட்டில் எழுபத்தெட்டு என்றதும் மனம் தளர்ந்துவிடுகிறது. சிவகாசிக்காரர்களுக்கு அளவு என்றால் என்னவென்று யாரும் கற்பிக்க வேண்டியதில்லை: பட்டாசின் சப்தம் வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்ற 1999-ஆம் ஆண்டு விதியோடு வாழ்பவர்கள் அவர்கள். எந்த அலகில், எவ்வளவு தூரத்தில் என்று சொல்லாத ஓர் எண்ணை வெடியின் சப்தத்துக்கு ஏற்றுக்கொள்ளாதவர்கள், அலகே இல்லாமல் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி எழுதிக்கொள்ளும் இந்தச் சதவீதத்தை மட்டும் வேதவாக்காகக் கொள்வானேன்? டிஷ்ஷைச் சற்றே திருப்பி வெறும் வானத்தைக் காட்டினாலும் பல பாக்ஸ்களில் 'ஸ்ட்ரெங்த்' பட்டை பாதிக்கு மேல் நிற்பதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். அது இரைச்சலையும் சேர்த்தே அளக்கிறது. 'குவாலிட்டி' பட்டை ஒன்றே கவனிக்கத் தக்கது. அதுவும் ஒரே பாக்ஸில் நேற்றையும் இன்றையும் ஒப்பிட உதவுமேயன்றி, இரண்டு பாக்ஸ்களை ஒப்பிட உதவாது.

பாக்ஸை மாற்றுவதால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை என்பதைத் திருத்தங்கலில் ஓர் உறவினர் வீட்டில் ஒருநாள் பிரத்தியட்சமாகவே பார்த்தோம். பழைய பாக்ஸையும் கடன் வாங்கி வந்த விலையுயர்ந்த பாக்ஸையும் ஒரே கேபிளில், ஒரே சேனலில், மாற்றி மாற்றிப் பொருத்தி, நனைத்த சாக்கொன்றை டிஷ்ஷின் விளிம்பிலிருந்து சிறிது சிறிதாக ஏற்றி மூடிக்கொண்டே போய், படம் கட்டம் கட்டமாக உடையும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டோம். இரண்டு கோடுகளுக்கும் இடையே இருந்தது இரண்டு விரற்கடை. பிறகு எல்.என்.பி.யைக் கழற்றினால், டேப் உரிந்து, மழைநீர் இறங்கி, கனெக்டர் பச்சை பூத்திருந்தது. தாங்கியின் நட்டு தளர்ந்து டிஷ்ஷும் சற்றே தலைகுனிந்திருந்தது. கேபிளை ஓர் அங்குலம் வெட்டிப் புதுக் கனெக்டர் மாட்டி, டிஷ்ஷை நிமிர்த்தி நட்டை முடுக்கியபின், அதே பழைய பாக்ஸில் படம் உடைவதற்குச் சாக்கை இன்னும் ஒரு சாண் ஏற்ற வேண்டியிருந்தது.

ட்யூனர்களுக்குள் வித்தியாசமே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. எட்டடி டிஷ் வைத்து விளிம்புநிலைச் சிக்னல்களைத் தேடும் ஆர்வலர்களுக்கு ஒரு டெசிபெல்லும் அருமைதான். ஆனால் ஐப்பசி அடைமழை பல டெசிபெல்களை விழுங்குவதோடு, மழைமேகம் தானே வெம்மை வீசி இரைச்சலையும் கூட்டிவிடுகிறது. அதை எதிர்த்து நிற்க ஒரு டெசிபெல் எம்மாத்திரம்? அறுபது சென்டிமீட்டர் டிஷ்ஷை மாற்றித் தொண்ணூறு வைத்தால் பரப்பு இரண்டேகால் மடங்காகி மூன்றரை டெசிபெல் கிடைக்கும். இதை எந்தப் பாக்ஸும் தராது.

பாக்ஸ் விற்கும் அன்பர்கள், படம் வரவில்லை என்று ஒருவர் கடைக்கு வந்தால், முதலில் அவர் வீட்டு மாடிக்கு ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும். டிஷ் வைத்திருப்பவர்களே, நீங்களும் தீபாவளிக்கு முன் ஒரு வெயில் நாளில் ஏணி வைத்து ஏறி, கனெக்டரையும் நட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தக் கனெக்டரின் விலை ஒரு பாக்ஸின் விலையில் மிகச் சிறு பங்குதான்.