கடனில் மூழ்கிய கால்பந்துக் கழகம்

பணம் கொடுத்து வெற்றி வாங்கிய குற்றத்துக்காக 2010-ல் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது, சீனாவின் குவாங்சௌ கால்பந்துக் கழகம். எவர்கிராண்டே என்ற வீடு கட்டும் கம்பெனி அதை 10 கோடி யுவானுக்கு வாங்கியது.

பணம் தண்ணீராக ஓடியது. இத்தாலிக்கு உலகக் கோப்பை பெற்றுத் தந்த லிப்பி பயிற்சியாளராக வந்தார். பிரேசிலிலிருந்து முரிக்கி, எல்கேசன் வந்தார்கள். 2011 முதல் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து சீனப் பட்டம்! 2013-லும் 2015-லும் ஆசிய சாம்பியன்! காப்டன் செங் சி, 2013-ல் ஆசியாவின் சிறந்த வீரர்.

2021-ல் கம்பெனி கடனில் மூழ்கியது. கழகமும் கூடவே மூழ்கியது. 2025 ஜனவரியில் ஆட அனுமதியே மறுக்கப்பட்டது. காரணம், தீராத கடன்.

கோப்பைகள் குவிந்தபோதே லீக் அதிகாரிகள் கணக்குக் கேட்டிருக்க வேண்டாமா? சிவப்புச் சட்டை அணிந்து டிக்கெட் வாங்கிய ரசிகர்கள், அந்தக் கடனில் ஒரு யுவான்கூடத் தொட்டவர்கள் அல்லவே!