பழைய துப்பாக்கி, இளந்தோள்

கிளப் அலமாரியில் இருக்கும் பழைய துப்பாக்கியைப் புதிதாக வரும் பிள்ளையிடம் கொடுப்பதில் தவறு இல்லை. அளவு பார்க்காமல் கொடுப்பது தவறு. பயிற்சியாளர்களும் ஆர்மரர்களும் இந்த ஒன்றை இந்த ஆண்டே சரிசெய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த உரை.

2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். 2012இல் லண்டனில், சென்னையில் பிறந்த ககன் நாரங் அதே பிரிவில் வெண்கலம் பெற்றார். 2024இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பெற்றோரோடு கிளப்புக்கு வருகிறார்கள். புதிய பந்தய ஏர் ரைபிளின் விலையோ லட்சங்களில் இருக்கிறது. தொடர்ந்து வருமா, பாதியில் விட்டுவிடுமா என்று தெரியாத பிள்ளைக்காக எந்தக் குடும்பமும் முதல் மாதத்திலேயே அவ்வளவு செலவு செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். அதனால் ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் போன்ற பழைய துப்பாக்கிகளே பல பிள்ளைகளுக்கு முதல் துப்பாக்கி ஆகின்றன. அது நல்லதுதான். ஒழுங்காகப் பராமரித்த குழல் நாற்பது ஆண்டு கழித்தும் குறி தப்பாது. குறை இருப்பது கட்டையில். வளர்ந்த ஆளின் தோள், கை, கழுத்துக்கு ஏற்பச் செதுக்கிய கட்டை அது.

பொருந்தாத துப்பாக்கியோடு ஒரு பிள்ளை நிற்கும்போது பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். அடிக்கட்டை நீளமாக இருப்பதால் அது தோள்குழியில் உட்காராமல் மேற்கைக்கு நழுவியிருக்கும். சைட்டை எட்டிப் பிடிக்கத் தலை முன்னால் நீண்டு சாய்ந்திருக்கும். வலது கை விரலின் நுனி மட்டும் ட்ரிகரைத் தொட்டுக்கொண்டிருக்கும். முன்பாரத்தைத் தாங்க மாட்டாமல் இடுப்பு முன்னே தள்ளி, முதுகு பின்னே வளைந்திருக்கும். 5 கிலோ துப்பாக்கி 75 கிலோ ஆளுக்கு உடல் எடையில் பதினைந்தில் ஒரு பங்கு. 30 கிலோ பிள்ளைக்கு அது ஆறில் ஒரு பங்கு. வளரும் முதுகெலும்பின் மேல் இந்தப் பாரத்தைத் தினமும் ஏற்றிவிட்டு, “நேராக நில்” என்று சொல்வதில் பொருள் இல்லை. அந்தப் பிள்ளையால் நேராக நிற்க முடியாது. கோணலாக நிற்கப் பழகிக்கொள்ளும். பிறகு அளவான துப்பாக்கி கிடைத்தாலும் பழைய கோணல் போக ஆண்டுகள் ஆகும்.

அளவு பார்த்துக் கொடுப்பது செல்லம் கொடுப்பது ஆகாது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ராணுவம் இதைச் செய்திருக்கிறது. ஷார்ட் மேகசின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்கு நான்கு அளவில் அடிக்கட்டைகள் இருந்தன: நீளம், இயல்பு, குட்டை, அதற்கும் குட்டையான பேன்டம். நீளமானது இயல்பைவிட அரை அங்குலம் கூடுதல். குட்டை அரை அங்குலம் குறைவு. பேன்டம் ஓர் அங்குலம் குறைவு. போர்முனைக்குப் போகும் சிப்பாய்க்கே அரை அங்குலக் கணக்குப் பார்த்தார்கள். என்.சி.சி.யில் பலரும் தோளில் வைத்துப் பழகிய .22 நம்பர் 2 மார்க் 4 இந்தத் துப்பாக்கியின் வழிவந்ததுதான். விளையாட்டுக்காக வரும் பத்து வயதுப் பிள்ளைக்கு நாம் அதைவிடக் குறைவாகவா அக்கறை காட்டுவது?

கட்டையை அளவாக்கும் வேலையில் இறங்குமுன் இரண்டு விதிகளை மனதில் கொள்ள வேண்டும். முதலாவது, மரத்தை மட்டுமே மாற்றுவோம்; இரும்பைத் தொட மாட்டோம். எடை குறையட்டும் என்று குழலை அறுக்கும் யோசனை அவ்வப்போது எழுகிறது. ஆயுதச் சட்டம் 1959இன் 6ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கிக் குழலைக் குட்டையாக்குவது குற்றம். சட்டத்தின் உரிம வரம்புக்குள் வராத ஏர் ரைபிளிலும் அது கெட்ட வேலைதான்: குழல்வாய் கெடும், முன்சைட்டின் இருப்பிடம் போகும், இரண்டு சைட்டுக்கும் இடையிலான தூரம் குறையும். ட்ரிகரின் உள்ளே அரம் வைத்து இலேசாக்குவதும் இதே வகை. பழைய துப்பாக்கியின் ட்ரிகர் பிடிப்பு தேய்ந்திருக்கலாம். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பாளர் அதைச் சோதித்த பிறகே துப்பாக்கி பிள்ளையின் கைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, செய்த மாற்றத்தை மீட்கும் வழி இருக்க வேண்டும். பருவம் எய்துமுன் பிள்ளைகள் ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வரை வளர்கிறார்கள். இன்று அறுத்துக் குட்டையாக்கிய கட்டை அடுத்த ஆண்டு அதே பிள்ளைக்குப் போதாது. அதற்கடுத்து வருபவர் வேறு உயரத்தில் இருப்பார். ஆகவே துப்பாக்கியோடு வந்த கட்டையை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, உதிரியாகக் கிடைக்கும் இன்னொரு கட்டையில் வேலை செய்வதே சிறந்த வழி. லீ-என்ஃபீல்டு வழிவந்த துப்பாக்கிகளில் அடிக்கட்டை தனியாகவே கழன்று வரும் என்பதால் இது எளிது. ஆனால் கவனம் தேவை: அந்தத் துப்பாக்கிகள் பலவற்றில் அடிக்கட்டையைப் பிடிக்கும் நீண்ட போல்ட்டின் சதுர முனை முன்கட்டைக்குள் புகுந்து நிற்கும். முன்கட்டையை முதலில் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். 300எஸ்ஸில் வேறு வகை கவனம் தேவை. சுடும்போது அதன் இயக்கப் பகுதி முழுவதும் கட்டைக்குள் தண்டவாளத்தில் பின்னோக்கி நகர்ந்து அதிர்வை வாங்கிக்கொள்ளும். அந்த நகர்வுக்கு உரிய உட்பள்ளத்தில் உளி படவே கூடாது.

இனி வேலையின் வரிசை. வரிசை மாறினால் செய்ததையே மறுபடி செய்ய நேரும்.

முதலில் நீளம். வளர்ந்தவர்களின் துப்பாக்கியில் ட்ரிகரிலிருந்து பட் பிளேட் வரை 34 செ.மீ. சுற்றி இருக்கும். பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் பலருக்கு 28 முதல் 30 செ.மீ. பொருந்தும். முழங்கையை நேர்கோணத்தில் மடக்கி, அதன் மடிப்பில் பட் பிளேட்டை வைத்து, விரல் ட்ரிகரை எட்டுகிறதா என்று பார்க்கும் பழைய வழி தோராயத்துக்கு உதவும். முடிவைச் சுடும் நிலையில் நிறுத்திப் பார்த்தே எடுங்கள். பிள்ளையைக் கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றச் சொல்லுங்கள். கண்ணைத் திறக்கும்போது தலை நிமிர்ந்திருக்க வேண்டும், கழுத்து நீளக் கூடாது. கட்டைக்கும் பட் பிளேட்டுக்கும் இடையில் இருக்கும் ஸ்பேசர்களை எல்லாம் முதலில் எடுத்துவிடுங்கள். அப்போதும் நீளம் என்றால் மட்டுமே ரம்பம். நுண்பல் ரம்பமாக இருக்கட்டும். மரம் சிலும்பாமலிருக்க வெட்டும் கோட்டில் டேப் ஒட்டுங்கள். புதிய வெட்டுமுகம் பழைய கோணத்திலேயே அமைய வேண்டும். கோணம் மாறினால் பட் பிளேட்டின் ஒரு முனை மட்டும் தோளில் குத்தும். வெட்டி எடுத்த துண்டை வீசிவிடாதீர்கள். அதையே வில்லைகளாக அறுத்தால் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு வேண்டிய ஸ்பேசர்கள் கிடைக்கும்.

அடுத்து கன்னத்தின் உயரம். பிள்ளையின் முகம் சிறியது. கன்ன எலும்புக்கும் கண்மணிக்கும் இடையிலான தூரம் பெரியவர்களைவிடக் குறைவு. அதனால் கன்னம் கட்டையில் படிந்ததும் கண் சைட்டின் கோட்டுக்குக் கீழே நிற்கும். பிள்ளை கன்னத்தை எடுத்துவிட்டுக் காற்றில் தலையைப் பிடித்துச் சுடும். தக்கையோ தோலோ மெல்லிய அடுக்குகளாக வைத்து டேப்பால் கட்டி, இரண்டு வாரம் சுடவிட்டுப் பாருங்கள். எந்த உயரத்தில் கன்னம் தானாகப் படிகிறதோ அதுவே அளவு. கன்னக்கட்டையை அதன்பிறகு செதுக்கி ஒட்டலாம்.

மூன்றாவது கைப்பிடி. விரலின் முதல் கணுவின் சதைப்பகுதி ட்ரிகரில் பட்டு, நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். பந்தயத் துப்பாக்கிகள் பலவற்றில் ட்ரிகர் பிளேடை முன்பின் நகர்த்தலாம். முதலில் அதைச் செய்யுங்கள். பிறகும் எட்டாவிட்டால் உதிரிக் கட்டையின் கைப்பிடியை மெலிதாக்குங்கள். இடக்கைப் பிள்ளைக்கு வலக்கைக் கட்டையைச் செதுக்கிச் சமாளிக்க முயல வேண்டாம். இருபக்கமும் ஒத்த கட்டையைத் தேடிக் கொடுங்கள்.

நான்காவது, எல்லாவற்றிலும் கடினமானது, பாரமும் சமநிலையும். பின்னால் மரத்தை வெட்டினால் மொத்த எடை சற்றுக் குறையும். ஆனால் எஞ்சும் பாரம் முன்பக்கம் கூடிவிடும். பிள்ளையின் கை குட்டை என்பதால் இடது கை ட்ரிகர் வளையத்தை ஒட்டியே நிற்கும். பாரத்தின் மையமோ அதற்கு வெகுதூரம் முன்னால் இருக்கும். பிள்ளைகள் பின்னால் வளைந்து நிற்பதற்குப் பெரிய காரணம் இதுதான். குழலில் மாட்டிய எடைகளையும் உறைகளையும் கழற்றுங்கள். துப்பாக்கியை இடது கை நிற்கும் இடத்தில் ஒரு கம்பியின் மேல் வைத்துப் பாருங்கள்; எவ்வளவு முன்சாய்கிறது என்று தெரியும். இன்னும் கனமாக இருந்தால் வெட்டுவதை நிறுத்துங்கள். தாங்கியின் மேல் முன்கட்டையை வைத்துச் சுடப் பழக்குங்கள். முதல் சில மாதங்களில் பிள்ளை கற்க வேண்டியவை சைட் படம், மூச்சு, ட்ரிகர், சுட்டபின் அசையாமல் நிற்பது ஆகியவை. இவை எல்லாவற்றையும் தாங்கியிலேயே கற்கலாம். பாரம் தாங்கும் பயிற்சி உடம்பு வளர வளர வரும்.

பழைய துப்பாக்கிக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. 300எஸ் போன்ற பக்கநெம்பு துப்பாக்கிகளில் பெல்லெட் வைக்கும்போது மற்றக் கை நெம்பைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைக்கு அந்த வலு வரும்வரை நெம்பை இழுப்பது பெரியவரின் வேலை. அழுத்தக் காற்றுச் சிலிண்டர் உள்ள துப்பாக்கி என்றால், கட்டையைப் பார்க்குமுன் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். 200 பார் அழுத்தம் பிள்ளையின் முகத்துக்கு அருகில் இருக்கிறது. காலம் கடந்த சிலிண்டரை எந்தக் காரணம் சொல்லியும் நிரப்பக் கூடாது.

இவ்வளவும் செய்து முடித்தாலும் ஒரு வேலை மிஞ்சும். அது எழுதி வைப்பது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அளவு அட்டை வேண்டும்: உயரம், எடை, ட்ரிகரிலிருந்து பட் பிளேட் வரை நீளம், கன்ன உயரம், எத்தனை ஸ்பேசர், துப்பாக்கியின் மொத்த எடை, சமநிலைப் புள்ளி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து திருத்துங்கள். ஒரே துப்பாக்கியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்தாலும், அட்டையைப் பார்த்து ஸ்பேசரை மாற்றச் சில நிமிடங்கள் போதும். இந்த வேலை பயிற்சியாளர் ஒருவரின் நினைவில் மட்டும் இருந்தால், அவர் வராத நாளில் பிள்ளை மறுபடி பெரியவரின் துப்பாக்கியோடு நிற்கும்.

இதற்கு ஆகும் செலவு ஓர் உதிரிக் கட்டை, கொஞ்சம் தக்கையும் தோலும், ஒரு நல்ல தச்சரின் இரண்டு நாள் கூலி. இந்தச் செலவைச் செய்யாததால் நாம் இழப்பது கணக்கில் வருவதில்லை. சில மாதம் வந்து, தோள் வலித்து, குறி நிற்காமல், “எனக்கு இது வராது” என்று போய்விடும் பிள்ளைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களுக்குத் திறமை இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பொருந்தாத துப்பாக்கியோடு நிற்கும் பிள்ளையின் திறமையை அளக்க யாராலும் முடியாது.

ஆகவே கிளப் பொறுப்பாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. அடுத்த சேர்க்கைக்கு முன் உங்கள் கிளப்பில் பிள்ளைகளுக்கான கட்டை ஒன்றாவது தயாராக இருக்கட்டும். புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் நாள் தோட்டா கொடுக்குமுன் டேப்பை எடுத்து அளவு எடுங்கள். பெற்றோரையும் அருகில் நிறுத்தி, ஏன் அளக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். செய்து பார்த்த அளவுகளையும் சந்தித்த சிக்கல்களையும் எங்கள் இதழுக்கு எழுதி அனுப்புங்கள். மற்ற கிளப்புகளுக்குப் பயன்படும்படி வெளியிடுவோம்.